வராத நாளுக்கு வந்த பேட்ஜ்

அந்தப் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொள்ள முடியாது. பெட்டியில் போட்டுப் பூட்டவும் முடியாது. கைப்பேசித் திரையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு காது, அல்லது கோத்துக்கொண்ட இரண்டு கைகள், அவ்வளவுதான். ஆனால் அந்த மருத்துவக் கல்லூரியில் அது இல்லாதவர் உயிருள்ள நோயாளியின் பக்கத்தில் போக முடியாது. டாக்டருக்குப் படித்தாலும் சரி, நர்ஸுக்குப் படித்தாலும் சரி, மருந்துக்குப் படித்தாலும் சரி, சட்டம் ஒன்றுதான்.

பாடத்தைத் தனியாகப் படித்துத் தனியாகத் தேறிவிடலாம். நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யத் தெரியுமா என்பதை யார் சொல்வது? கூட இருந்த நாலு பேர்தான் சொல்ல வேண்டும். அதனால் ஆளுக்கொரு படிப்பாக ஐந்து பேரை ஒரு குழுவாகப் போடுவார்கள். புதன்கிழமைதோறும் ஒரு பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, அதற்கு ஒரு வியாதியையும் கொடுத்து, ஐந்து பேரையும் உள்ளே விடுவார்கள். முடிந்ததும் ஒவ்வொருவரும் மற்ற நால்வரைப் பற்றியும் கைப்பேசியில் பதில் சொல்ல வேண்டும். மற்றவர் பேச்சைக் கேட்டாரா, தன் வேலையைச் சரியாகக் கைமாற்றினாரா என்று கேள்வி வரும். ஆமாம் என்று ஒரு தட்டு, அல்லது இல்லை என்று ஒரு தட்டு. அடியில் இரண்டு வரி எழுத வேண்டும். நால்வரில் மூவர் ஆமாம் என்றால் பேட்ஜ் வந்து விழும். விழுந்துவிட்டால் ஆமாம் சொன்னவர்களின் வரிகள் மட்டும் கண்ணில் படும். விழாவிட்டால்தான் இல்லை சொன்னவரின் வரி தெரியும், திருத்திக்கொள்ளட்டும் என்று.

எட்டு பேட்ஜ் சேர வேண்டும். மருந்துக்குப் படிக்கும் நம் பெண்ணிடம் ஏழு சேர்ந்திருந்தன.

எட்டாவதுதான் எல்லாவற்றிலும் கடினம். 'தடுத்துச் சொன்னவர்' என்று அதற்குப் பெயர். பெரியவரோ படித்தவரோ அவசரத்தில் இருப்பவரோ, யார் செய்வதானாலும் அது நோயாளிக்கு ஆபத்து என்று தெரிந்தால், நடுவில் புகுந்து நிறுத்தியவருக்குக் கிடைப்பது. வெள்ளிக்கிழமை நடுப்பகலுக்குள் அதுவும் வந்துவிட்டால் திங்கட்கிழமை முதல் ஆஸ்பத்திரி வார்டு. வராவிட்டால் இன்னும் ஆறு மாதம் பொம்மைகளோடு, முன்பின் தெரியாத வேறொரு குழுவில், முதலிலிருந்து.

ஆறு மாதம் என்ன பெரிய காலமா என்று நீங்கள் கேட்கலாம். நேரம் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் போவதில்லை, கண்ணுகளா. அவளுக்கு முப்பத்தொரு வயது. ஒன்பது வருடம் ஒரு மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள். எறும்பு மையில் விழுந்து நடந்த மாதிரி எழுதும் டாக்டர்களின் கையெழுத்தைக்கூட ஒரே பார்வையில் படித்துவிடுவாள். அம்மா அப்பா இருவரும் போன பிறகு, இருக்கிற ஒரே அக்காவும் கடல் தாண்டிக் குடித்தனம் போன பிறகு, படித்துப் பார்ப்போமே என்று இங்கே வந்து சேர்ந்தாள். வாடகைக்கு எடுத்தது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் குழாய்கள். வாங்கிய இரண்டு தட்டில் ஒன்றின் விலைச்சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை.

கடையில் நின்ற காலத்தில், இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் தூக்கம் வருமா, பாலோடு சாப்பிடலாமா என்று ஒரு நாளைக்கு நூறு பேராவது அவளிடம் கேட்பார்கள். இங்கே வந்தபின் ஒரு நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வந்த சொற்களை அவளே கூட்டிப் பார்த்தாள். பஸ்ஸில் இறங்கும் இடம், கடையில் அரை லிட்டர் பால், வகுப்பில் வருகைப் பதிவுக்கு ஒரு சொல். பதினொன்றுதான் தேறியது. வார்டுக்குப் போய்விட்டால் மறுபடி யாராவது எதையாவது கேட்பார்கள் என்பது அவள் நம்பிக்கை. அதற்காகத்தான் அந்த எட்டாவது வட்டத்துக்கு அப்படிக் காத்திருந்தாள்.

குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே அவரவர் படிப்பைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள். டாக்டர், எள் என்றால் எண்ணெயாக நிற்கும் சுறுசுறுப்பான பையன். பிசியோ ஆள் தூண் மாதிரி, பேச்சு கொசு மாதிரி. லேப் எதற்கெடுத்தாலும் சிரிக்கும் பெண். நர்ஸ் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. இந்த நால்வரும் முதல் வருடத்திலிருந்தே ஒன்றாக இருந்தவர்கள். அவர்களோடு முன்பு மருந்துப் படிப்புக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் பாதியில் வேறு ஊருக்கு மாறிப் போய்விட, அந்தக் காலி இடத்தில் எட்டு மாதத்துக்கு முன் நம் பெண் வந்து நின்றாள். முன்னவளும் பார்மசி, இவளும் பார்மசி. சிறுபிள்ளைகள் விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒரு குழந்தையைச் சேர்த்துக்கொள்வோமே, ஓடினாலும் கணக்கில்லை, பிடிபட்டாலும் கணக்கில்லை, அப்படி ஒரு இடம். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பார்த்தால் சிரிப்பார்கள். பார்க்க வேண்டும் என்று தோன்றாது, அவ்வளவுதான்.

நர்ஸ் மட்டும் சிரிக்கவும் மாட்டாள். மூன்றாவது வாரம் நம் பெண்ணுக்கு ஒரு பேட்ஜ் தவறிப் போனதற்குக் காரணமே அவளும் பிசியோவும் இல்லை என்று தட்டியதுதான். பிசியோ தவறிப் போய்த் தட்டிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டான். நர்ஸ் எழுதியிருந்தது: "இவர் சொன்னது சரி. யார் காதிலும் விழவில்லை." அதை எத்தனை முறை படித்திருப்பாள் என்று கேட்காதீர்கள். இந்தப் பெண்ணுக்கு நம்மைக் கண்டாலே ஆகவில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

கடைசிப் புதன்கிழமை வந்தது. அன்றைய பயிற்சி இப்படி: பொம்மைக்கு எழுபது வயது, ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறது. முழங்கால் வலி என்று முனகுகிறது. டாக்டர் அவசரத்தில் ஒரு வலி மாத்திரையை எழுதுவார். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். நர்ஸ் மருந்தகத்துக்குத் தொலைபேசி போடுவாள். மருந்தகத்தில் இருப்பவர் அதைக் கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும். எனக்குக் கவலையாக இருக்கிறது என்பது முதல் படி. இது ஆபத்து என்பது இரண்டாவது. நிறுத்துங்கள் என்பது மூன்றாவது. ஒரு வாரமாக அந்த மூன்றையும் அவள் அறைக் குழாய்களுக்குச் சொல்லிப் பழகியிருந்தாள்.

பயிற்சி வார்டு ஐந்தாவது மாடியில். மருந்தகம் என்று அவர்கள் சொல்வது மூன்றாவது மாடியில், லிஃப்ட் அளவுக்கு ஓர் அறை. சுற்றிலும் காலி மருந்துப் பெட்டிகள், ஒரு முக்காலி, ஒரு தொலைபேசி. பத்து மணிக்கு அவள் போய் உட்கார்ந்தாள். பத்தே காலுக்கு மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. பத்தரைக்கும் அடிக்கவில்லை. வேலை செய்கிறதா என்று ஒரு முறை எடுத்துக் காதில் வைத்தாள். உயிர் இருந்தது. இந்த நொடியில் அவர்கள் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து உடனே வைத்துவிட்டாள். காலிப் பெட்டிகளை எழுத்து வரிசைப்படி அடுக்கினாள். பத்தே முக்கால் தாண்டியதும் மாடி ஏறிப் போனாள்.

வார்டு இருட்டாக இருந்தது. பொம்மை முகம்வரை போர்த்திக் கிடந்தது. சுவரில் இருந்த ஏசியிலிருந்து தண்ணீர் சொட்ட, கீழே யாரோ வாளி வைத்திருந்தார்கள். அவளுக்குப் புரிந்தது. ஒழுகுகிறது என்று வேறு இடத்துக்குப் போயிருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாரும் போயிருக்கிறார்கள். எங்கே என்று தேடி ஓடியிருக்கலாம், யாரையாவது கேட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. கூப்பிடாத வீட்டுப் பந்தியில் இலை கேட்கிற மாதிரி இருந்தது. போயிற்று, ஆறு மாதம் போயிற்று என்று எண்ணிக்கொண்டே படி இறங்கினாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் புது வட்டம். அதற்குள் விரித்துக் காட்டிய ஓர் உள்ளங்கை. வாழ்த்துகள், நீங்கள் எட்டாவது பேட்ஜைப் பெற்றுவிட்டீர்கள்.

ஒரு நொடி அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? மனசுக்கு விஷயம் எட்டும் முன்னே உடம்பு சிரித்துவிடுகிறது. பிறகு கீழே இருந்த வரிகளைப் படித்தாள். டாக்டர் எழுதியிருந்தான்: "மருந்து ஆபத்தை மிகத் தைரியமாகத் தடுத்துச் சொன்னார். குழுவுக்குப் பெரிய பலம்." பிசியோ எழுதியிருந்தான்: "தைரியமாகத் தடுத்துச் சொன்னார்." லேப் எழுதியிருந்தாள்: "செம தைரியம். பெரிய பலம்." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

மூன்று பேரின் வரியிலும் அவள் இருந்தாள். அறையில்தான் இல்லை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வரவில்லை என்று திட்டி எழுதியிருந்தால்கூட இப்படி இருந்திருக்காது. திட்டுவதற்காவது ஆள் இல்லாததைக் கவனித்திருக்க வேண்டுமே. இருந்தாலும் அதே வரிதான், இல்லாவிட்டாலும் அதே வரிதான் என்றால், இதற்கு முன் வந்த ஏழும் யாருக்கு வந்தன? கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். மேலும் கீழும் மாணவர்கள் போனார்கள், அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். அங்கே பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டுக் கூப்பிடும் நேரம் அது. பேட்ஜ் வந்துவிட்டது என்று கேட்டதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தானை எழுப்பிச் சொல்லட்டுமா என்றாள். இவள் தயங்கித் தயங்கி, நான் அந்தப் பயிற்சிக்குப் போகவே இல்லை, இருந்தும் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். அக்கா சிரித்துவிட்டாள்.

"தானமா வந்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்காதடி. ஏழு தடவ ஒழுங்கா போனியே, அதுக்குச் சேத்துக் குடுத்ததா நெனச்சுக்க."

"யாருமே கவனிக்கலக்கா."

"நல்லதுதான? கவனிச்சிருந்தா குடுத்திருப்பாங்களா?"

அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதற்கு மேல் விளக்க அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டது. இந்தா வந்துட்டேன் என்று அக்கா அங்கே சொன்னது இங்கேயும் கேட்டது. வைத்துவிட்டாள்.

மறுநாள் உணவுக்கூடத்தில் ஒரு ஓரத்து மேசையில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் பார்த்துக் கையசைத்தான். அவனோடு பிசியோவும் லேப்பும் நர்ஸும் இருந்தார்கள். வரவழைக்காமல் விடமாட்டேன் என்கிற மாதிரி நாற்காலியை வேறு இழுத்துப் போட்டான். போய் உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் அந்த மேசையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நேத்து சூப்பரா பண்ணீங்க பார்மசி. நீங்க மட்டும் தடுக்கலன்னா நம்ம தாத்தா பொம்ம காலி."

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் அவளை உறைய வைத்தது. முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. பயிற்சித் தாளில் 'மருந்தாளுநர் தடுப்பார்' என்று அச்சடித்திருந்தது. அந்த மாத்திரை தடுக்கப்பட்டது. அப்படியானால் மருந்தாளுநர்தான் தடுத்திருக்க வேண்டும். அவன் மனசு அந்தத் தாளைப் பார்த்தே நேற்றை நினைவு வைத்திருந்தது.

கடைசி நேரத்தில் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றியதில் அலைச்சல் ஆகிவிட்டதா என்று கேட்டான். க்ரூப்பில் போட்டேனே, உடனே பார்த்தீர்கள் அல்லவா என்று கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். அவர்கள் ஐந்து பேரின் அரட்டைக் குழு. பிறந்தநாள் வாழ்த்துகள், தேநீருக்கு வரச்சொல்லும் அழைப்புகள், கிண்டல்கள், கீழே நேற்றைய அறை மாற்றம். அப்படி ஒரு குழு இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். உறுப்பினர் பட்டியலில் 'பார்மசி' என்று ஓர் எண் இருந்தது. பக்கத்தில் வெள்ளைப் பூனையின் படம். நம் பெண் பூனை வளர்த்ததில்லை. அந்த எண்ணும் அவளுடையது இல்லை. எட்டு மாதத்துக்கு முன் ஊர் மாறிப் போனாளே, அவளுடையது. பெயர் மாறவில்லை, அதனால் எண்ணை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கோ ஓர் ஊரில் ஒரு பூனைக்காரி இவர்களுடைய அழைப்புகளையெல்லாம் வாங்கித் திறக்காமலே போட்டு வைத்திருக்கிறாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். எனக்குக் கவலையாக இருக்கிறது என்ற முதல் படிகூட வரவில்லை. லேப் ஏதோ சொல்லிச் சிரித்தாள், பேச்சு வேறு பக்கம் போயிற்று. நர்ஸ் மட்டும் அவளை நேராகப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். போகிறாள் பார், நான் வந்து உட்கார்ந்ததுகூடப் பொறுக்கவில்லை என்று நம் பெண் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு அவள் பொறுப்பாளர் மேடத்தின் அறைக்கு வெளியே நின்றாள். கூட்டுப் பயிற்சிக்கெல்லாம் அந்த அம்மாள்தான் பொறுப்பு. உள்ளே மூன்று பேர் பேட்ஜ் வரவில்லை என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அழுகிற நிலையில் இருந்தான். அவர்கள் போனதும் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, உனக்கு எது வரலம்மா என்றார்.

வரவில்லை என்று இல்லை, வந்துவிட்டது, அதைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்றாள் இவள்.

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "எட்டு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். திருப்பிக் குடுக்கன்னு ஒருத்தரும் வந்ததில்ல. அதுக்குப் பட்டனே கிடையாதும்மா."

நடந்ததை அவள் சொன்னாள். அறை, தொலைபேசி, வாளி எல்லாம் சொன்னாள். வேறொருவர் எண் குழுவில் இருந்ததையும் சொன்னாள். யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி ஆகிவிடக்கூடாது என்று பாதி வார்த்தைகளை விழுங்கினாள். மேடம் கணினியைத் திருப்பி அவளுடைய பக்கத்தைத் திறந்தார். பொறுப்பாளருக்கு எல்லா வரிகளும் தெரியும். ஆமாம் மூன்று. இல்லை ஒன்று.

ஒன்று இருக்கிறதா? அவள் அதை நினைக்கவே இல்லை. நால்வரில் மூன்று வரிதான் வந்தது என்பதைப் பார்த்தும், நாலாவது எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

மேடம் வாய்க்குள் படித்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார். நர்ஸ் எழுதியிருந்தாள். இரண்டு வரிக்கான இடத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள்:

"குழுவில் ஐந்து பேர். இன்று இருந்தது நான்கு பேர். புதுக் கட்டடத்து மருந்தகத்துக்கு நான்கு முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. தாளைப் பார்த்து நானே மாத்திரையை நிறுத்தினேன். அறை மாறியது இவருக்குத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இவர் எங்கே?"

நம் பெண் அதை ஒரு முறைதான் படித்தாள். கடைசி இரண்டு சொற்களுக்கு மேல் கண் நகரவில்லை. எட்டு மாதத்தில், ஏன், இந்த ஊருக்கு வந்ததிலிருந்தே, அவள் எங்கே என்று ஒருவர் கேட்டது அந்த ஒரு தடவைதான். கேட்ட இடமும் பாருங்கள், அவள் கண்ணில் படாத இடம்.

"நர்ஸுங்க பஞ்சக்கூட எண்ணாம வெளிய வர மாட்டாங்க. ஆள எண்ணியிருக்கா" என்றார் மேடம். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். சட்டப்படி மூன்று ஆமாம் இருந்தால் போதும், அந்த ஒரு இல்லையை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை, பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் தானாக மூடிக்கொள்ளும், நீ இந்த அறைக்கு வரவே இல்லை என்று நான் வைத்துக்கொள்ள முடியும் என்றார். இரக்கத்தில்தான் சொன்னார். மறுபடி நடத்தலாம் என்றால் ஐந்து பேரும் வேண்டும், வார்டு வேண்டும், அரை மணி நேரத்தில் அது நடக்காது. இன்று விட்டால் ஆறு மாதம்.

அவளுக்குத் தன் மாடி அறை ஜன்னலின் குழாய்கள் நினைவுக்கு வந்தன. ஆறு மாதம் என்றால் இருபத்தாறு புதன்கிழமை.

"நான் இத வச்சுக்கிட்டா நர்ஸ் எழுதினது பொய்யாயிடும் மேடம்."

"அது யார் கண்ணுலயும் படாதும்மா."

"எனக்குத் தெரியுமே. என்னத் தேடின ஒரே வரி அது. அதப் பொய்யாக்கிட்டு நான் எங்க போவேன்?"

அவள் இன்னும் நிறுத்தவில்லை. நாளைக்கு நிஜமான வார்டில் ஒரு தொலைபேசி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள், எடுத்துப் பேசினார் என்று எழுதிவிட்டு எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள், அங்கே படுத்திருப்பது பொம்மையாக இருக்காது என்றாள். ஒன்பது வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்ற குரல் அது. சத்தம் இல்லை, ஆனால் கேட்டது.

"இதுக்கே உனக்கு அந்தப் பேட்ஜக் குடுக்கணும்" என்றார் மேடம். "குடுக்க முடியாது. ஆமாம்னு சொல்ல, கூட இருந்த மூணு பேர் வேணுமே." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். பட்டன் இல்லாததால் கடிதமாக எழுத வேண்டியிருந்தது. ஆமாம் தட்டிய மூன்று பேருக்கும் எச்சரித்து ஒரு கடிதம் போகும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது, அவர்கள் வார்டுக்குப் போவார்கள் என்று மேடம் உறுதி சொன்ன பிறகே அவள் கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது திரையில் அந்த உள்ளங்கை காணாமல் போயிற்று. அழித்த இடத்தில் தழும்பு எதுவும் இல்லை. வெறும் ஏழு.

கல்லூரி வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தம். இரும்பு பெஞ்சில் நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியவள் நம் பெண். ஆனாலும் கால் இந்தப் பக்கம் வந்துவிட்டது. என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றாள். நன்றி என்பதா? இல்லை என்று தட்டியவளிடம் நன்றி சொன்னால் என்ன நினைப்பாள்?

நர்ஸே முதலில் பேசினாள். கோபமாகத்தான் பேசினாள். நேத்து உங்க மூஞ்சியப் பாத்ததும் புரிஞ்சுது, உங்களுக்குப் பேட்ஜ் வந்துடுச்சுன்னு, எனக்குச் சாப்பாடே எறங்கல என்றாள். அவங்க மூணு பேர்கிட்டயும் அன்னிக்கே சண்ட போட்டேன், பார்மசி இருந்தாங்க, நீதான் கவனிக்கலன்னு எங்கிட்டயே சொல்றாங்க என்றாள். உங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம், எட்டு மாதமாக ஒரு வார்த்தை பேசாதவள் இப்போது எந்த முகத்தோடு வந்து பேசுவது என்று இருந்துவிட்டேன் என்பதையும், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, முறைப்பாகவே சொல்லி முடித்தாள்.

"திருப்பிக் குடுத்துட்டேன்" என்றாள் நம் பெண்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன பைத்தியமா? ஆறு மாசம்."

"ஆமா."

"நான் திங்கக்கிழம வார்டுக்குப் போயிடுவேன். காலைல ஆறு மணி ஷிஃப்ட். இந்தப் பக்கமே வர முடியாது."

"தெரியும்."

அதற்கு மேல் ஆறுதல் ஒன்றும் சொல்ல நர்ஸுக்கு வரவில்லை. பழக்கம் இல்லை. பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும், அதுவும் அவளுக்கு வராது. இருவரும் ரோட்டைப் பார்த்தார்கள். நர்ஸின் பஸ் திருப்பத்தில் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஒரு காலைப் படியில் வைத்தவள் அப்படியே நின்றாள். பின்னால் இருந்தவர்கள், ஏறும்மா, இல்ல வழிய விடும்மா என்றார்கள். வழியை விட்டாள். பஸ் போயிற்று.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"புதன்கிழம எங்கதான் இருந்தீங்க?"

"மூணாவது மாடில. மருந்து ரூம்ல."

"எவ்வளவு நேரம்?"

"முக்கா மணி நேரம் இருக்கும்."

"தனியாவா? முக்கா மணி நேரம் என்ன பண்ணீங்க?"

நம் பெண், ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லி முடித்துவிடப் பார்த்தாள். நர்ஸ் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த பஸ் வருகிறதா என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல லைட் ஸ்விட்ச் எங்க இருக்குன்னே தெரியல" என்று நம் பெண் ஆரம்பித்தாள்.